வருஷத்தைச் சுற்றிவிடாதீர்கள்

காட்பாடியில் சின்னதாக ஒரு செல்போன் கடை வைத்திருக்கிறேன். மே மாதம் வந்தால் லத்தேரி, கே.வி.குப்பம் பக்கமிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். "பழைய போன்தான், பாப்பாவுக்கு இன்ஸ்டா மட்டும் போட்டுக் குடுண்ணா." பிறந்த வருஷம் கேட்கும் இடத்தில் கட்டைவிரலால் ஒரு சுற்று. 1999-இல் நின்றால் 1999.

என் அக்கா மகளுக்கும் அப்படித்தான் போட்டுக் கொடுத்தேன். அவளுக்கு அப்போது 11 வயது. முன்பின் தெரியாத ஒருத்தன் 'ஹாய் டியர்' என்று அனுப்பிய பிறகுதான் உறைத்தது, அந்த ஆப்பின் கணக்கில் அவள் இருபது தாண்டிய பெண். அக்கா போனைப் பிடுங்கி மெசேஜை அழித்துவிட்டாள். புகார் கொடுக்கலாமென்றால் கையில் ஒன்றுமில்லை.

அதனால் உண்மையான பிறந்த தேதியையே போடுங்கள். 13 ஆகவில்லை என்றால் இன்ஸ்டாகிராம் ஏற்காது, ஏற்காமல் போகட்டும். 13 முதல் 17 வரை என்றால் அது டீன் அக்கவுண்ட், அதாவது பதின்வயதுப் பிள்ளைகளுக்கான கணக்கு ஆகிவிடும். கணக்கு பிரைவேட்டாக இருக்கும், அறிமுகமில்லாதவர் மெசேஜ் அனுப்ப முடியாது, இரவு 10 முதல் காலை 7 வரை நோட்டிஃபிகேஷன் தொல்லை இல்லை. 16-க்குக் கீழே இருந்தால் பெற்றோர் சம்மதமில்லாமல் இதையெல்லாம் தளர்த்த முடியாது. ஒரு பொய் வருஷத்தில் இவ்வளவும் போய்விடுகிறது.

ஏற்கெனவே பொய்யாகப் போட்டாயிற்றா? இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் அக்கவுண்ட்ஸ் சென்டர், பெர்சனல் டீட்டெயில்ஸ், பர்த்டே என்று போய்த் திருத்துங்கள். பிள்ளைக்கு 13 ஆகவில்லை என்றால் கணக்கையே எடுத்துவிடுங்கள்.

அப்புறம் ஜிமெயில். நைனாவின் ஜிமெயிலையே பையன் போனிலும் போடுவது இங்கே வழக்கம். அப்போது பிளே ஸ்டோருக்குப் பையனும் பெரிய ஆள்தான். உங்கள் போனில் கூகுள் ஃபேமிலி லிங்க் (பிள்ளையின் போனைப் பெற்றோர் கவனிக்கும் ஆப்) ஏற்றி, அவன் பேரில், அவன் வயதில் தனிக் கணக்கு தொடங்குங்கள். அவன் புது ஆப் கேட்டால் அனுமதி கேட்டு உங்களிடம் வரும்.

ஆஸ்திரேலியாவில் 16 வயது வரை சோஷியல் மீடியா கணக்கே கூடாதாமே என்று கேட்கிறார்கள். ஆமாம், 2025 டிசம்பர் 10 முதல். அங்கே தடுக்கவேண்டிய பொறுப்பு கம்பெனிக்கு. நம் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வரை குழந்தை என்றுதான் சொல்கிறது.

தப்பான மெசேஜ் வந்தால் பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டினால் அடுத்த முறை காட்டவே மாட்டார்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட், பிறகு பிளாக். உதவிக்குக் குழந்தைகள் உதவி எண் 1098.

இப்போதெல்லாம் கடையில் பிள்ளையிடமே கேட்கிறேன், "எந்த வருஷம் பொறந்தே கண்ணு?" பதிலை அப்பா முந்திக்கொண்டு சொன்னால் போனைக் கீழே வைத்துவிடுவேன்.