சாம்பல் பூத்த தேக்கை மீட்டெடுப்பது எப்படி?

வெளியே கிடந்த தேக்கு நாற்காலி சாம்பல் நிறமானால் மரம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். வெயிலின் புற ஊதாக் கதிர்கள் மேற்பரப்பில் உள்ள லிக்னினை (மர நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள்) சிதைக்கின்றன, மழை அதைக் கழுவிவிடுகிறது. மிஞ்சிய நார்தான் சாம்பலாகத் தெரிகிறது. அது மெல்லிய தோல் மட்டுமே. ஸ்க்ரூடிரைவர் முனையால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே இறங்கினால்தான் உளுத்த மரம்.

1. கழுவுங்கள். மரத்தை நனைத்து, சோப்புக் கரைசலும் மென்மையான நைலான் பிரஷும் கொண்டு லேசாகத் தேயுங்கள். அழுத்தித் தேய்த்தால் ரேகைகளுக்கு இடையிலுள்ள மென்மையான பகுதி அரித்துப் பள்ளமாகும். பிரஷர் வாஷரும் அதையேதான் செய்யும், வேகமாக. ஸ்டீல் உல்லும் வேண்டாம்: இரும்புத் துகள் மரத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளோடு சேர்ந்து கருப்புப் புள்ளிகளாகிவிடும்.

2. காயவிட்டுப் பாருங்கள். பல சமயம் வேலை இங்கேயே முடிந்துவிடும்.

3. கறை மிச்சமிருந்தால் ஆக்ஸாலிக் அமிலம். ஆணி, திருகைச் சுற்றியுள்ள கருப்புக் கறைக்கு இதுதான் மருந்து. பாக்கெட்டில் சொன்ன அளவில் பிளாஸ்டிக் வாளியில் கரையுங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். பூசி, பாக்கெட்டில் சொன்ன நேரம் விட்டு, நிறைய தண்ணீர் விட்டு அலசுங்கள். பிளீச்சோடு மட்டும் கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும்.

4. சொரசொரப்பு இருந்தால் மரம் நன்றாகக் காய்ந்த பின் 120, அப்புறம் 150 எண் உப்புத்தாள், ரேகை ஓடும் திசையில். மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், தேக்குத் தூசி மூக்கையும் தோலையும் உறுத்தும்.

5. மேல்பூச்சு. சரி, எண்ணெய் பூசலாமா? என் கருத்தில் அவசியமில்லை. வைரம் பாய்ந்த தேக்கில் இயற்கையான எண்ணெய்ப் பசை ஏற்கெனவே உண்டு. மேலே பூசுவது அழகுக்குத்தான். வெளியே இருக்கும் மரத்தில் அது சில மாதங்களில் மங்கும், பூஞ்சைக்கும் தீனியாகும். பொன்னிறம் நீடிக்க வேண்டுமென்றால், எண்ணெயைவிடப் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தேக்கு சீலர் (மரத்துக்கான பாதுகாப்புப் பூச்சு) நல்லது. வார்னிஷ் வெயிலில் உரிந்துவிடும், பிறகு சுரண்டி எடுப்பது பெரும்பாடு.

எண்ணெய்தான் வேண்டுமென்றால் மெல்லியதாகப் பூசி, மிஞ்சியதைத் துணியால் துடைத்துவிடுங்கள். அந்தத் துணியைச் சுருட்டிப் போடக் கூடாது. உலரும்போது சூடாகித் தானாகவே தீப்பிடிக்கும். திறந்த வெளியில் விரித்து உலர்த்திய பிறகே குப்பையில் போடுங்கள்.