உஸ்ராவில் ஆண்மையைப் பேசுவது எப்படி

மலேசியாவின் சுங்கை சிப்புட் மாதிரித் தோட்டத்து ஊரில், விடுமுறைக்கு வரும் பல்கலைக்கழகத் தம்பிகளுக்கு உஸ்ரா (சிறு மார்க்கப் படிப்பு வட்டம்) நடத்தும் நகீபுகளுக்கு (வட்டத்தை நடத்துபவர்களுக்கு) இது.

ஆறிலிருந்து எட்டுப் பேர் போதும். பத்தைத் தாண்டினால் இருவர் பேசுவார்கள், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். மஃரிப் தொழுகைக்கும் இஷா தொழுகைக்கும் நடுவே ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் கிடைக்கும். அதில் நகீபின் பேச்சு பத்து நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.

குர்ஆனின் அந்நூர் 24:30-இல் தொடங்குங்கள். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை முதலில் ஆண்களுக்கு, அடுத்த வசனத்தில்தான் பெண்களுக்கு. இந்த வரிசையை விட்டால் பேச்சு நேராகத் தங்கச்சிமாரின் தூடோங்கில் (தலைமுக்காட்டில்) போய் நிற்கும். அப்போது அவரவர் கையிலுள்ள போனுக்குப் பேச்சைத் திருப்புங்கள்.

1970-களின் டக்வா (மார்க்க அழைப்பு) அலையில் ஜுப்பாவும் தலைப்பாகையும் பல மாணவர்களுக்கு அடையாளமாக இருந்தன. இப்போதைய தம்பிகள் சிலர் போனில் கேட்கும் 'ஆல்ஃபா' பேச்சை, அடக்கி ஆள்பவனே ஆண் என்பதை, தீன் (மார்க்கம்) என்றே நம்பி வருகிறார்கள். கேலி செய்தால் வாயை மூடிக்கொள்வார்கள். மல்யுத்தத்தில் வீழ்த்துபவன் அல்ல, கோபத்தில் தன்னை அடக்குபவனே பலசாலி என்ற புகாரி ஹதீஸை வையுங்கள். போன வாரம் எங்கே அடக்க முடியவில்லை என்று கேளுங்கள், முதல் பதிலை நகீபே சொல்லட்டும்.

குர்ஆன் 4:34 கட்டாயம் வரும். ஆண்கள் பெண்களுக்குக் 'கவ்வாமூன்' (பொறுப்பாளர்கள்) என்பதை அதிகாரம் என்று மட்டும் சொல்லி நகராதீர்கள், செலவு செய்வதும் அதே வசனத்தில்தான் இருக்கிறது. "உம்மாவும் வேலைக்குப் போறாங்களே நானா, அப்ப?" என்று ஒருவன் கேட்பான். அவன் அத்தாவைக் குறைத்துப் பேசிவிடாதீர்கள். வீட்டில் காலையில் முதலில் எழுவது யார், கரண்டு பில் யார், பாத்திரம் யார் என்று ஒரு தாளில் எழுதச் சொல்லுங்கள். உரக்கப் படிக்கச் சொன்னால் பொய் எழுதுவான், தாள் அவனிடமே இருக்கட்டும்.

இஷா முடிந்து நால்வருக்கு ஒரு சஹன் (சேர்ந்து உண்ணும் பெரிய தட்டு) சோறு. கழுவுவது தம்பிகள்தான், நகீப் முன்னால் நிற்க வேண்டும். நெய்ச்சோற்று நெய் பச்சைத் தண்ணீர் பட்டதும் வெள்ளையாக உறையும். முதலில் காகிதத்தால் வழித்து, வெந்நீர் ஊற்றி, பிறகு சவர்க்காரம் போட வேண்டும். விளிம்பு மடிப்பில் விரல் விட்டுத் தேய்க்காவிட்டால் அடுத்த வாரம் சிக்கு வாடை அடிக்கும். நபிகள் வீட்டில் குடும்பத்தாரின் வேலைகளைச் செய்வார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்படுவார்கள் என்று ஆயிஷா நாயகி சொன்னதைக் கை ஈரமாக இருக்கும் அந்த நேரத்தில் சொல்லுங்கள். சோற்றுக்கு முன் சொன்னால் தூங்கிவிடுவார்கள்.

அடுத்த வாரம், வீட்டில் எத்தனை நாள் கழுவினாய் என்பதே முதல் கேள்வி. வாட்ஸ்அப்பில் படம் கேட்காதீர்கள்.