படுத்துவிட்ட மாட்டைக் கையாளும் பணியாளர்களுக்கான பாதுகாப்பு முறைகள்

பால் பண்ணையில் ஒரு மாடு எழ முடியாமல் கிடந்தால், நான்கு பேர் ஓடிவந்து வாலையும் கொம்பையும் பிடித்துத் தூக்க முயல்வதே வழக்கம். 400 கிலோ எடையுள்ள கலப்பினப் பசுவை அவ்வாறு நிறுத்திவிட முடியாது. நம் இடுப்பு பிடித்துக்கொள்வதும், மாட்டின் வால் முறிவதும்தான் மிச்சம்.

தொடுவதற்கு முன், அது ஏன் படுத்தது என்று பார்க்க வேண்டும். கன்று ஈன்று மூன்று நாட்களுக்குள், காதுகள் குளிர்ந்து, தலையை விலாப்பக்கம் மடக்கிக் கிடந்தால், அது பெரும்பாலும் கால்சியம் குறைவதால் வரும் பால் காய்ச்சலாகவே இருக்கும். 1962 என்ற எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம். எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், குரல் மாறிக் கத்தும் மாட்டின் வாய்க்குள் மட்டும் எவரும் கையை விடக் கூடாது. தொண்டையில் ஏதோ சிக்கியிருக்கிறது என்று எண்ணிக் கையை உள்ளே விட்ட பிறகு அது வெறிநோய் எனத் தெரியவருவதுண்டு. எச்சில் பட்டுவிட்டால், அந்த இடத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி பற்றிக் கேட்க வேண்டும்.

படுத்த மாடு உதைக்காது என்று நம்ப வேண்டாம். அதன் பின்னங்கால் முன்னோக்கியும் பக்கவாட்டிலும் வீசும். திடீரென எழ முயன்றால் உடல் முழுவதும் முன்னோக்கிப் பாயும். ஆகவே, கால்கள் இருக்கும் பக்கத்தைத் தவிர்த்து முதுகுப் பக்கம் நிற்க வேண்டும். சுவருக்கும் மாட்டுக்கும் இடையே நுழையக் கூடாது. மண்டியிடாமல், உடனே விலக ஏதுவாகக் குந்தியிருக்க வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொள்வது விரலுக்கு ஆபத்து.

மூன்று, நான்கு மணி நேரத்திற்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வைக்காவிட்டால், அடியில் நசுங்கும் தொடைத் தசையும் நரம்பும் கெட்டு, கால்சியம் ஏற்றிய பின்னும் மாடு எழாது. புரட்டும்போது ஒருவர் தலைக்கயிற்றைப் பிடிக்க, ஒருவர் அடியில் சிக்கிய காலைக் கயிற்றால் தள்ளிநின்று இழுக்க, மற்றவர்கள் இடுப்பெலும்பைத் தள்ள வேண்டும். ஒருவர் குரலுக்கே அனைவரும் இயங்க வேண்டும். மாட்டை நெஞ்சு ஊன்றிய நிலையில் படுக்க வைத்து, பக்கவாட்டில் வைக்கோல் மூட்டையை அண்டை கொடுக்கலாம்.

வழுக்கும் சிமெண்டுத் தரையிலிருந்து மணல் படுக்கைக்கு மாற்ற வேண்டுமானால், கழுத்திலோ காலிலோ கட்டி இழுக்காமல், தடித்த தார்ப்பாயின் மேல் புரட்டி, பாயையே இழுக்க வேண்டும். நஞ்சுக்கொடி விழாத மாடாக இருந்தால் கையுறை கட்டாயம். அதற்குக் காரணமாக இருக்கக்கூடிய, கருச்சிதைவை உண்டாக்கும் புருசெல்லா கிருமி மனிதருக்கும் தொற்றும்.

மாடு திடீரென இறந்து, மூக்கிலோ ஆசனவாயிலோ உறையாத கருங்குருதி வடிந்தால் அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயைச் சந்தேகித்து, உடலை அறுக்காமலும் தோலை உரிக்காமலும், கால்நடை மருத்துவர் வரும்வரை ஆட்களையும் நாய்களையும் அண்டவிடாமல் காக்க வேண்டும்.