பின்கட்டு வாடகையை நம்பி வீடு வாங்குகிறவர்களுக்கு

கடந்த மாதம் ஒரு சனிக்கிழமை, என் தங்கை மகன் தான் வாங்க நினைத்திருக்கும் வீட்டைக் காட்ட என்னைத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்துக்கு அழைத்துப் போனான். முன்வீட்டில் மூன்று படுக்கையறைகள். பின்னால், சரிவில், இரண்டு அறைகளும் ஒரு சிறு சமையலறையும் கொண்ட அவுட்பில்டிங். விலை 950,000 ரேண்ட். “முன்வீட்டு வாடகை பாண்டுக்கு (வீட்டுக் கடனுக்கு) போய்விடும் மாமா, பின்கட்டு வாடகை முழுக்க லாபம்” என்று அவன் கைப்பேசியில் கணக்கைக் காட்டினான். 2011இல் ஒரு மின்சாரப் பில்லின் பின்புறத்தில் நான் போட்ட கணக்கும் அதுவேதான். தொகைகள் மட்டும் வேறு.

டர்பனிலும் சுற்றுப்புறத்திலும் ஒன்றிரண்டு வீடுகளை வாங்கி வாடகைக்கு விட விரும்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். நல்ல இடமாகப் பார்க்க வேண்டும், விலையைப் பேசிக் குறைக்க வேண்டும், கூரை ஒழுகுகிறதா என்று மழைநாளில் போய்ப் பார்க்க வேண்டும் என்பவையெல்லாம் எல்லாருக்கும் தெரிந்தவை, அவற்றை விட்டுவிடுகிறேன். இருபது ஆண்டுகளாக இத்தொழிலில் இருந்தும் இன்னும் என்னை எரிச்சலூட்டும் ஒரு தவற்றைத்தான் அதிகம் பேசப் போகிறேன்.

பிளான் இல்லாத கட்டடத்தை வருமானமாக எண்ணுவது

நம் பகுதிகளில் பின்கட்டுகள் ஏன் இத்தனை இருக்கின்றன என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 1950ஆம் ஆண்டின் இன ஒதுக்கீட்டுப் பகுதிச் சட்டத்தால் கேட்டோ மேனரிலிருந்தும் பிற இடங்களிலிருந்தும் பெயர்க்கப்பட்ட குடும்பங்களும், மாகசின் பாரக்ஸில் வாழ்ந்த மாநகராட்சித் தொழிலாளர் குடும்பங்களும் 1960களில் சாட்ஸ்வொர்த்தின் சிறிய வீடுகளில் குடியமர்த்தப்பட்டார்கள். கூட்டுக் குடும்பமாக வாழ்ந்து பழகியவர்களுக்கு அந்த வீடுகள் போதவில்லை. மகனுக்குத் திருமணம் ஆனதும் பின்னால் ஓர் அறை எழும்பியது. பேரன் பிறந்ததும் அதற்கு ஒரு சமையலறை வந்தது. தெரிந்த கொத்தனார் ஒருவர் வார இறுதிகளில் வந்து கட்டிக் கொடுத்தார். மாநகராட்சியில் பிளான் கொடுத்து ஒப்புதல் வாங்க வேண்டும் என்று பலருக்குத் தோன்றவில்லை. தோன்றியவர்களிடம் அதற்கான பணமும் இல்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தக் கட்டடத்தை இன்று பணம் கொடுத்து வாங்குகிறவரின் நிலை வேறு.

1977ஆம் ஆண்டின் தேசியக் கட்டட ஒழுங்குவிதிச் சட்டத்தின்படி, உள்ளாட்சி அமைப்பின் முன் ஒப்புதல் இல்லாமல் கட்டடம் எழுப்பக் கூடாது. குடியேறுவதற்கான சான்றிதழ் இல்லாமல் அதில் ஆள் வைப்பதும் குற்றமாகும். யார் கட்டினார்கள் என்பது முக்கியமன்று. பத்திரம் உங்கள் பெயருக்கு மாறிய பிறகு, மாநகராட்சியின் நோட்டீஸ் உங்கள் பெயருக்குத்தான் வரும்.

நான் 2011இல் வாங்கிய வீட்டில் பின்கட்டில் இரண்டு அறைகள் தனித்தனியாக வாடகைக்கு விடப்பட்டிருந்தன. இரண்டும் சேர்ந்து மாதம் 4,400 ரேண்ட் தந்தன. அந்த வருமானத்தைக் கணக்கில் சேர்த்துத்தான் விற்றவர் கேட்ட விலைக்கு ஒப்புக்கொண்டேன். சான்றிதழ்கள் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன: மாநகராட்சி ரேட்ஸ் (சொத்து வரி) பாக்கி இல்லை என்ற சான்று, மின்கம்பிகள் பாதுகாப்பானவை என்ற சான்று, கடற்கரைப் பகுதி வழக்கப்படி மரத்தில் வண்டு இல்லை என்ற சான்று. பத்திரம் மாற்றும் வழக்கறிஞரான கன்வேயன்சர் பீட்டர்மரிட்ஸ்பர்க் பத்திரப் பதிவகத்தில் பெயரை மாற்றிக் கொடுத்தார். வங்கியின் மதிப்பீட்டாளரும் வந்து பார்த்துவிட்டுப் போனார். இத்தனை பேர் பார்த்த பிறகு என்ன குறை இருக்க முடியும் என்று நினைத்தேன். இவர்களில் ஒருவருக்குக்கூடப் பின்கட்டுக்குப் பிளான் இருக்கிறதா என்று கேட்கும் கடமை இல்லை என்பது எனக்கு அப்போது புரியவில்லை. மின்சான்று கம்பியைப் பற்றியது. கட்டடம் சட்டப்படி எழுந்ததா என்பதைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. மதிப்பீட்டாளர் பார்ப்பது வங்கியின் கடனுக்கு ஈடு போதுமா என்பதை. உங்கள் நலனை அல்ல.

2014இல் பின்கட்டுக் கழிப்பறை அடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டு முற்றத்திலும் கழிவுநீர் பொங்கியது. மாநகராட்சி ஆட்கள் வந்து தோண்டிப் பார்த்தபோது, பல வீடுகளுக்குப் பொதுவான கழிவுநீர்க் குழாயின் மேலேயே என் பின்கட்டின் ஒரு சுவர் நிற்பது தெரிந்தது. இரண்டு வாரங்களில் நோட்டீஸ் வந்தது. பிளானைப் பின்னோக்கி ஒப்புதல் பெற்றுச் சரி செய்துவிடலாம் என்று நம்பி, பதிவு பெற்ற வரைவாளர் ஒருவருக்குப் பணம் கட்டினேன். அவர் அளந்து பார்த்துவிட்டு, குழாய்க்காக ஒதுக்கப்பட்ட பட்டைக்குள் சுவர் வருவதால் ஒப்புதல் கிடைக்காது, இடிப்பதே வழி என்றார். பத்திரத்தோடு இருந்த நில அளவை வரைபடத்திலேயே அந்தப் பட்டை புள்ளிக்கோடாகக் குறிக்கப்பட்டிருந்தது. மூன்று ஆண்டுகளாக அந்தத் தாள் என் அலமாரியில்தான் இருந்தது.

விற்றவர் மீது வழக்குப் போடலாம் என்று வழக்கறிஞரிடம் போனேன். ஒப்பந்தத்தில் ஃபுட்ஸ்டூட்ஸ் என்ற ஒரு சொல் இருந்ததை அவர் விரலால் சுட்டிக்காட்டினார். இருக்கும் நிலையிலேயே, குறை நிறையோடு வாங்கிக்கொள்கிறேன் என்பது அதன் பொருள். கூரையில் ஓட்டை, சுவரில் ஈரம் ஆகியவற்றுக்குத்தான் அது பொருந்தும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் ஒப்புதல் பெறாத கட்டடம் என்பதும் மறைந்திருக்கும் குறைபாடுதான், அதையும் அந்தச் சொல் மூடிவிடும் என்று உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் 2008இலேயே சொல்லிவிட்டது. விற்றவர் குறையை அறிந்தே, ஏமாற்றும் நோக்கத்தோடு மறைத்தார் என்று நான் மெய்ப்பித்தால் மட்டுமே அந்தக் காப்பு அவருக்கு இல்லாமல் போகும். அவரோ, தம் தகப்பனார் காலத்திலிருந்து அது அங்கே நிற்கிறது, பிளான் பற்றித் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். அது உண்மையாகவே இருக்கலாம்.

அதோடு முடியவில்லை. கட்டடமே சட்டவிரோதம் என்றாலும் அதில் குடியிருப்பவர்களை நம் விருப்பப்படி வெளியேற்றிவிட முடியாது. 1998ஆம் ஆண்டின் சட்டம் அவர்களைக் காக்கிறது: நீதிமன்ற ஆணை வேண்டும்; விசாரணைக்குக் குறைந்தது 14 நாள்களுக்கு முன் அவர்களுக்கும் மாநகராட்சிக்கும் அறிவிப்புப் போக வேண்டும்; முதியோர், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள், பெண்கள் தலைமையேற்ற குடும்பங்கள் ஆகியோரின் நிலையை நீதிபதி கருத்தில் கொள்ள வேண்டும். என் பின்கட்டின் ஓர் அறையில் எழுபது வயதுக்கு மேற்பட்ட ஓர் ஆயா பேத்தியோடு இருந்தார். அவரை நீதிமன்றத்துக்கு இழுக்க மனமில்லாமல், வேறு வீடு பார்த்து, முதல் மாத வாடகையையும் டெபாசிட்டையும் நானே கட்டி அனுப்பிவைத்தேன். மற்ற அறையில் இருந்தவர் ஐந்து மாதம் வாடகை தராமலே இருந்து, பிறகுதான் போனார். இடிப்புச் செலவு, வரைவாளர் கட்டணம், வழக்கறிஞர் கட்டணம், போன வாடகை எல்லாம் சேர்த்து ஒரு இலட்சத்து நாற்பதாயிரம் ரேண்டுக்கு மேல் ஆயிற்று. மீதமிருந்த ஒற்றை வீட்டின் வாடகை பாண்டுக்குப் போதவில்லை. ஆறு ஆண்டுகள் என் சம்பளத்திலிருந்து போட்டு நிரப்பினேன்.

எனக்கு இன்றும் எரிச்சல் தருவது அந்தப் பணம்கூட அன்று. ஒரு வேலைநாள் காலையில் மாநகராட்சியின் பிளான் பதிவுப் பிரிவுக்குப் போய், மனை எண்ணைக் கொடுத்து, சிறு கட்டணம் கட்டியிருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். அதைச் செய்யாமல் என்னைத் தடுத்தது, வீட்டுத் தரகரும் அண்டை வீட்டுக்காரரும் சொன்ன ஒரு வாக்கியம்: “இந்தத் தெருவில் எல்லாருமே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள்.” அன்று தங்கை மகனோடு போனபோதும், வேறொரு தரகர் வாயிலிருந்து அதே வாக்கியம் சொல் மாறாமல் வந்தது. தெருவே அப்படித்தான் என்பது உண்மைதான். ஆனால் நோட்டீஸ் தெருவுக்கு வருவதில்லை. கெண்டன்-ஆன்-சீ என்ற கடற்கரை ஊரில், ஒப்புதல் இல்லாமல் எழுப்பப்பட்ட பெரும் மதிப்புள்ள ஒரு வீட்டையே இடிக்க வேண்டும் என்று 2013இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் உறுதி செய்தது. அந்த அளவுக்குப் போவது அரிது என்றாலும், போக முடியும்.

ஆகவே, வாங்கும் விருப்பப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன், மனையில் உள்ள ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒப்புதல் பெற்ற பிளானை விற்பவர் இத்தனை நாளுக்குள் தர வேண்டும், தராவிட்டால் ஒப்பந்தம் செல்லாது என்று ஒரு நிபந்தனையை எழுதச் செய்யுங்கள். 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சொத்துத் தரகர் சட்டத்தின்படி விற்பவர் குறைகளை அறிவிக்கும் படிவத்தில் கையெழுத்திட வேண்டும்; அதில் கட்டடங்களின் ஒப்புதல் பற்றிய கேள்விக்கு என்ன பதில் இருக்கிறது என்று பாருங்கள். வெற்றாக விடப்பட்டிருந்தால், அதுவே ஒரு பதில். கையெழுத்தான பிறகு மனம் மாறினால் பின்வாங்கலாம் என்று எண்ணாதீர்கள். ஐந்து நாள் அவகாசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது 250,000 ரேண்ட் வரையிலான விலைக்கு மட்டும்தான் உண்டு, அந்த விலைக்கு இன்று நீங்கள் தேடும் வீடு கிடைக்காது.

வட்டி இப்படியே இருக்கும் என்று கணக்கிடுவது

2021இல் பிரைம் வட்டி (வங்கிகளின் அடிப்படைக் கடன் வட்டி) 7 சதவீதமாக இருந்தபோது பலர் வாங்கினார்கள். 800,000 ரேண்ட் பாண்டுக்கு, இருபது ஆண்டுத் தவணையில், அந்த வட்டியில் மாதம் ஏறத்தாழ 6,200 ரேண்ட் கட்ட வேண்டியிருந்தது. 2023 மே மாதம் பிரைம் 11.75 சதவீதத்தைத் தொட்டபோது அதே கடனுக்கு 8,670 ரேண்ட் ஆயிற்று. வாடகையை அந்த வேகத்தில் யாராலும் ஏற்ற முடியவில்லை. வங்கி சொல்லும் வட்டியோடு நான்கு சதவீதத்தைக் கூட்டிப் போட்டுப் பாருங்கள். அப்போதும் தாங்கினால் மேலே போகலாம்.

டெபாசிட்டைச் சொந்தப் பணமாக எண்ணுவது

1999ஆம் ஆண்டின் வாடகை வீட்டுச் சட்டம், டெபாசிட்டை வட்டி தரும் கணக்கில் போட்டு, வட்டியோடு திருப்பித் தரச் சொல்கிறது. குடியேறும்போதும், குத்தகை முடிவதற்கு முந்தைய மூன்று நாள்களுக்குள்ளும், குடியிருப்பவரோடு சேர்ந்து வீட்டைச் சுற்றிப் பார்த்து, குறைகளை எழுதிக்கொள்ள வேண்டும். நான் ஒரு முறை, குடியிருந்தவர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போன பிறகு தனியாகப் போய்ப் பார்த்தேன். அலமாரிக் கதவுகள் பெயர்ந்து கிடந்தன. குளியலறைத் தொட்டியில் விரிசல். அவரை உடன் வைத்துக்கொண்டு பார்க்காததால், வீடு நல்ல நிலையில்தான் திரும்பி வந்தது என்று நானே ஒப்புக்கொண்டதாகச் சட்டம் எடுத்துக்கொள்ளும் என்பது பிறகுதான் தெரிந்தது. முழு டெபாசிட்டையும் திருப்பிக் கொடுத்தேன். சேதம் இல்லையென்றால் ஏழு நாள், பழுது பார்த்துக் கழித்துக்கொள்வதென்றால் வேலை முடிந்து பதினான்கு நாள், அழைத்தும் அவர் பார்வையிட வராவிட்டால் இருபத்தொரு நாள் என்று கெடுக்களும் உண்டு. இதில் தகராறு வந்தால் குடியிருந்தவர் மாகாண வாடகை வீட்டுத் தீர்ப்பாயத்துக்குச் செலவில்லாமலே போகலாம், போவார்.

பூட்டை மாற்றுவது, தண்ணீரை நிறுத்துவது

கூடாது. எத்தனை மாத பாக்கியானாலும் கூடாது.

ஃப்ளாட் வாங்கும்போது லெவியை மட்டும் பார்ப்பது

மாத லெவி (கட்டடத்தின் பொதுச் செலவுக்கான கட்டணம்) குறைவாக இருப்பதைக் கண்டு மகிழ வேண்டாம். 2016 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த சட்டப்படி பாடி கார்ப்பரேட் (ஃப்ளாட் உரிமையாளர்களின் அமைப்பு) தனியாக ஓர் இருப்பு நிதியும் பத்தாண்டுப் பராமரிப்புத் திட்டமும் வைத்திருக்க வேண்டும். அவற்றையும் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்புகளையும் கேட்டு வாங்குங்கள். லிஃப்ட் பழுது என்ற சொல் அந்தக் குறிப்புகளில் இரண்டு முறை வந்தால், சிறப்பு லெவி வரும் என்று வைத்துக்கொள்ளலாம்.

காப்புறுதி

2021 ஜூலைக் கலவரத்தில் சாதாரணக் காப்புறுதி எதையும் தரவில்லை. கலவரச் சேதத்துக்கு அரசு நிறுவனமான சாஸ்ரியாவின் காப்புறுதி தனியாக வேண்டும். உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று இன்றே பாருங்கள்.

வரி

தவணை முழுவதையும் செலவாகக் காட்டாதீர்கள். அதில் வட்டிப் பகுதி மட்டும்தான் கழியும். பழுதுபார்ப்பு கழியும், புதிதாகச் சேர்த்துக் கட்டுவது கழியாது.

மைத்துனரோடு கூட்டாக வாங்குவது

எழுதிக்கொள்ளாமல் வேண்டாம்.

தங்கை மகன் என் பேச்சைக் கேட்டு, பிளான் பற்றிய நிபந்தனையைச் சேர்த்துப் படிவத்தைக் கொடுத்தான். தரகர் சலித்துக்கொண்டார், விற்பவர் ஒரு வாரத்தில் தருவதாகச் சொன்னார். இது மூன்றாவது வாரம். முன்வீட்டுக்கான 1968ஆம் ஆண்டுப் பிளான் மட்டும் கிடைத்திருக்கிறது; பின்கட்டைக் கணக்கில் சேர்க்காமல் 720,000 ரேண்டுக்குத் தருவார்களா என்று கேட்டிருக்கிறான்.