ஸ்ட்ரெஸ் ஆய்வுக்கு வருகிறீர்களா? தலைப்பு அப்புறம், முதலில் கைடு

ஸ்ட்ரெஸ் உயிரியலில் பி.எச்.டி. செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது தலைப்பைத்தான். கார்டிசால் என்ற ஸ்ட்ரெஸ் ஹார்மோனா, மூளையின் ஹிப்போகாம்பஸ் பகுதியா, மரபணுக்களின் இயக்கம் மாறுவதைப் பார்க்கும் எபிஜெனெட்டிக்ஸா என்று மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். தலைப்பு பாதி வழியில் மாறிவிடும், பலருக்கும் மாறுகிறது. கைடை மாற்றுவது அவ்வளவு லேசில்லை. அதனால் முதலில் ஆளைத் தேடுங்கள்.

நல்ல கைடிடம் பயின்றவர்கள் எப்படித் தங்கள் சொந்த வழியில் போனார்கள் என்று பாருங்கள். 1936-ல் ஸ்ட்ரெஸ் ஆய்வின் முன்னோடி ஹான்ஸ் செல்யே, எலிகளைக் குளிரில் வைத்தாலும் காயப்படுத்தினாலும் மருந்தை அளவுக்கு மீறிக் கொடுத்தாலும் அட்ரீனல் சுரப்பி பெருத்து, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுரப்பி சுருங்கி, வயிற்றில் புண் வருகிறது என்று நேச்சர் இதழில் ஒரு சின்னக் குறிப்பு எழுதினார். மொன்றியலில் அவரிடம் பயின்ற ரோஜர் கியமின், இந்த எதிர்வினையை மூளையிலிருந்து தொடங்கி வைக்கும் ஹார்மோனைப் பல வருடம் தேடியும் பிடிக்க முடியாமல் வேறு ஹார்மோன்களுக்குப் போய், அதற்காக 1977-ல் நோபல் பரிசும் வாங்கினார். அவர் தேடிய அந்த சி.ஆர்.எஃப். ஹார்மோனின் அமைப்பை 1981-ல் கண்டுபிடித்தது அவருடைய பழைய மாணவர் வைலி வேலின் குழு. ஸ்ட்ரெஸ் மூளையை எப்படி மாற்றுகிறது என்று ஆராய்ந்த ப்ரூஸ் மெக்யுவனின் லேபிலிருந்து வந்த ராபர்ட் சபோல்ஸ்கியோ கென்யாவில் காட்டு பபூன் குரங்குகளின் ஸ்ட்ரெஸ் ஹார்மோனை வருடக்கணக்கில் அளந்தார். ஆகவே ஒரு லேபைப் பார்க்கும்போது அங்கிருந்து வெளியேறியவர்கள் இப்போது சொந்தமாக என்ன கேள்வி கேட்கிறார்கள் என்று பாருங்கள். எல்லோரும் கைடின் கேள்வியையே திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தால் யோசிக்க வேண்டிய இடம் அது.

அந்தப் பழைய மாணவர்களுக்கு எழுதிக் கேளுங்கள். "கைடு எப்படி?" என்று கேட்டால் "நல்லவர்" என்றுதான் பதில் வரும். பேப்பர் டிராஃப்ட் கொடுத்தால் எத்தனை நாளில் திரும்ப வரும், எதிர்பார்த்த ரிசல்ட் வராதபோது அவர் என்ன சொன்னார், முதல் ஆசிரியராக யார் பெயர் போகும் என்பது எப்போது முடிவாகிறது, படிப்பை முடிக்காமல் போனவர்கள் ஏன் போனார்கள் என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.

அப்புறம், முடிந்தால் லேபுக்கே போய், ஆரம்ப நிலை ரத்த மாதிரியை எப்படி எடுக்கிறீர்கள் என்று ஒரு மாணவரிடம் கேட்டுப் பாருங்கள். கூண்டைத் தொட்டதிலிருந்து சுமார் 3 நிமிடத்துக்குள் எடுக்காவிட்டால் எலியின் ஸ்ட்ரெஸ் ஹார்மோனான கார்ட்டிகோஸ்டீரோன் ஏற ஆரம்பித்துவிடும், நீங்கள் அளப்பது உங்கள் கை கொடுத்த ஸ்ட்ரெஸ்ஸாக இருக்கும். நேரமும் முக்கியம்: எலிக்கு இந்த ஹார்மோன் விளக்கணையும் நேரத்தை ஒட்டி உச்சத்தில் இருக்கும், மனிதருக்கோ அதே வேலையைச் செய்யும் கார்டிசால் கண்விழித்த 30 முதல் 45 நிமிடத்துக்குள். ஒரு குழுவைக் காலையிலும் இன்னொன்றை மாலையிலும் அளந்தால் வித்தியாசம் வரத்தான் செய்யும், அதற்கு உங்கள் கருதுகோள் காரணமில்லை. ஆண்களின் வாசனையே எலிகளுக்கு ஸ்ட்ரெஸ் தருகிறது என்று 2014-ல் ஒரு ஆய்வு காட்டியது, அதனால் எலியை யார் கையாண்டார் என்பதையும் எழுதி வைக்கும் லேப் நல்ல லேப். இதையெல்லாம் ஒரு முதல் வருட மாணவர் தடுமாறாமல் சொன்னால், அங்கே யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று நம்பலாம்.

சேர்ந்த பிறகு செய்ய வேண்டியதை எங்கள் துறையே சொல்லித் தந்திருக்கிறது. உளவியலாளர் ஜே வைஸ் செய்த பரிசோதனைகளில் எலிகளுக்கு ஒரே அளவு மின்னதிர்ச்சிதான், ஆனால் முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்த எலிகளுக்கும் அதிர்ச்சியை நிறுத்த வழி இருந்த எலிகளுக்கும் வயிற்றுப் புண் குறைவாக வந்தது. ஆராய்ச்சி மாணவருக்கும் அதே இரண்டும் வேண்டும், எப்போது என்ன வரும் என்று தெரிவதும், தன் கையில் கொஞ்சமாவது பிடி இருப்பதும். அதனால் வாரம் ஒரு நாள், நேரம் குறித்து, சந்திப்பைக் கேட்டு வாங்குங்கள். என்ன செய்தேன், என்ன பார்த்தேன், எங்கே நிற்கிறேன் என்று ஒரே பக்கம் எழுதிக்கொண்டு போங்கள். யார் பெயர் எங்கே வரும் என்பதைப் பரிசோதனை தொடங்கும் முன்பே பேசி மின்னஞ்சலில் பதிவு செய்துவிடுங்கள், கூச்சமாக இருந்தாலும் சரி. புள்ளியியலுக்கு ஒருவர், மனம்விட்டுப் பேச வேறு துறையில் ஒருவர் என்று இன்னும் இரண்டு பேரையாவது பிடித்து வையுங்கள், எல்லாவற்றையும் ஒரே கைடிடம் எதிர்பார்ப்பது அவருக்கும் பாரம்.

நாளை நீங்களே கைடாகும்போது ராத்திரி பதினொரு மணிக்கு "நாளை பேசணும்" என்று மட்டும் மாணவருக்குச் செய்தி அனுப்பாதீர்கள். எதைப் பற்றி, எவ்வளவு நேரம் என்று ஒரு வரி சேர்த்து எழுதுங்கள், அவர் அன்றிரவு தூங்குவார்.