பாதி வருடத்தில் மாநிலம் மாறினால்: வரித் தாக்கலில் பணம் போகும் இடங்கள்

பிப்ரவரியில் டபிள்யூ-2 (வருடச் சம்பளத்தையும் பிடித்த வரியையும் காட்டி நிறுவனம் தரும் படிவம்) கைக்கு வந்ததும், அமெரிக்காவுக்குள் புதிதாக மாநிலம் மாறிய நண்பர்கள் என்னைக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். வருடா வருடம் அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள். கையெழுத்துப் போட மறப்பது, பழைய முகவரியை எழுதுவது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

"டெக்சாஸ் வந்தாச்சு, கலிபோர்னியாவுக்கு இனி ஒன்றும் இல்லை"

டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது என்பதால் இப்படிச் சொல்வார்கள். இதைக் கேட்டால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். நண்பர் ஒருவர் ஆகஸ்டில் சான் ஹோசேயை விட்டு ஆஸ்டினுக்குப் போனார். நவம்பரில் அவருடைய ஆர்எஸ்யூ (சம்பளத்தின் ஒரு பகுதியாக நிறுவனம் தருவதாகச் சொன்ன பங்குகள்) வெஸ்ட் ஆனது, அதாவது அவருக்குச் சொந்தமானது. மாநிலவாரியாகச் சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2-வின் 16-ஆம் பெட்டியில் அதன் பெரும்பகுதி கலிபோர்னியா சம்பளமாக இருந்தது. பேரோலில் (சம்பளப் பிரிவில்) யாரோ தப்பாகப் போட்டுவிட்டார்கள் என்று அவராகவே முடிவு செய்து, அந்தத் தொகையை எடுத்துவிட்டு, பிடித்த வரியை ரீஃபண்டாகக் கேட்டார். பணமும் வந்தது. பிறகு நோட்டீஸ் வந்தது: வரி, வட்டி, அதன்மேல் அபராதம்.

பேரோல் போட்டதுதான் சரி. வெஸ்ட் ஆகும் நாளில் நீங்கள் எங்கே குடியிருக்கிறீர்கள் என்பதோடு கலிபோர்னியா நிற்காது. கிராண்ட் தேதியிலிருந்து (பங்கு தருவதாக நிறுவனம் ஒப்புக்கொண்ட நாள்) வெஸ்ட் தேதி வரை உள்ள வேலை நாட்களில், எத்தனை நாள் அங்கே உழைத்தீர்கள் என்று பார்க்கும். மொத்தம் 500 வேலை நாள், அதில் 400 கலிபோர்னியாவில் என்றால், 50,000 டாலர் வெஸ்ட்டில் 40,000 டாலர் கலிபோர்னியா வருமானம். அந்த 40,000-க்குக் குறைந்த வரி விகிதம் கிடைக்கும் என்றும் எண்ண வேண்டாம். வருடம் முழுக்கக் கலிபோர்னியாவில் குடியிருக்காதவர்கள் போடும் 540என்ஆர் படிவம் உங்கள் வருடம் முழுவதன் வருமானத்துக்கும் வரி போட்டு, அந்த விகிதத்தையே இதற்கும் வைக்கும். நான்கு வருட கிராண்ட் என்றால், ஊர் மாறிய பிறகும் மூன்று வருடம் கலிபோர்னியாவுக்குத் தாக்கல் செய்ய வேண்டி வரலாம்.

வெஸ்ட் ஆன பங்கை டெக்சாஸில் குடியேறிய பிறகு விற்றுக் கிடைக்கும் லாபம் வேறு. அதில் கலிபோர்னியாவுக்குப் பங்கு கிடையாது.

டெக்சாஸுக்குப் பதிலாக வட கரோலினா போயிருந்தால்? அங்கே குடியேறிய பிறகு வெஸ்ட் ஆனது முழுவதற்கும் அந்த மாநிலம் வரி கேட்கும். கலிபோர்னியாவுக்குக் கட்டியதற்குக் கிரெடிட்டும் தரும், அதாவது தன் வரியில் குறைத்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கிரெடிட்டை நாம்தான் கேட்டு வாங்க வேண்டும். கேட்காமலே இரண்டு பக்கமும் கட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். வயிறு எரிந்தது.

நியூயார்க்கின் 16-ஆம் பெட்டி

இங்கே கதை தலைகீழ். ஃபெடரல் சம்பளம் முழுவதையும் நியூயார்க் சம்பளமாகக் காட்டச் சொல்லி நிறுவனங்களுக்கு அந்த மாநிலமே விதி வைத்திருக்கிறது. ஜூனில் நியூஜெர்சிக்கு மாறி, வேலையையும் அங்கேயே மாற்றிக்கொண்டவருக்கும், நிறுவனம் அதேதான் என்றால், முழு வருடச் சம்பளமும் அந்தப் பெட்டியில் நிற்கலாம். அதை அப்படியே மென்பொருளில் ஏற்றினால் உரியதைவிட அதிகமாகக் கட்டுவீர்கள். நியூயார்க்கின் ஐடி-203 படிவத்தில் அந்த மாநிலத்துக்கு உரியதைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஒன்று: நியூயார்க் அலுவலகத்தோடே இணைந்திருந்து, உங்கள் வசதிக்காக நியூஜெர்சி வீட்டிலிருந்து வேலை செய்தால், அந்த நாட்களையும் நியூயார்க் தன் கணக்கில்தான் வைக்கும்.

183 நாள்

பாதி வருடத்துக்கு மேல் இருந்த மாநிலத்துக்கு மட்டும் கட்டினால் போதும் என்று ஒரு விதி கிடையாது.

வீடு மாற்றிய செலவு

ராணுவத்தினர் (2026 முதல் உளவுத் துறைப் பணியாளர்களும்) தவிர மற்றவர்களுக்கு ஃபெடரலில் 2018 முதல் இந்தக் கழிவு இல்லை. கலிபோர்னியாவில் இன்னும் உண்டு, நிபந்தனைகளோடு.

கிரெடிட் வாங்குவதென்றால்

மற்ற மாநிலத்துக்கு எவ்வளவு கட்டினீர்கள் என்று தெரிந்தால்தான் கணக்கு வரும்; அதனால் கிரெடிட் தரும் மாநிலத்தின் ரிட்டர்னைக் கடைசியில் போடுங்கள்.

காகிதங்கள்

பழைய லீஸ் முடிந்த தேதி, லாரிக்காரர் ரசீது, புது ஊர் ஓட்டுநர் உரிமம், எந்த நாள் எங்கிருந்து வேலை செய்தீர்கள் என்ற காலண்டர். தாக்கல் செய்த நாளிலிருந்து பொதுவாக நான்கு வருடம் வரை கலிபோர்னியா கேள்வி கேட்கலாம். அதுவரையாவது எதையும் தூக்கிப் போடாதீர்கள்.