ஆப்பைக் காட்டும்போது கூர்மையைப் பேசாதீர்கள்

கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பள்ளிகளில் அறிவியல் கண்காட்சி என்றால் எளிய இயந்திரங்களுக்கு ஒரு மேசை கட்டாயம் உண்டு. கப்பியையும் நெம்புகோலையும் நன்றாகவே விளக்குகிறார்கள். ஆப்புக்கு வந்ததும்தான் தடுமாற்றம். கையில் அடித்துக்கொள்ளக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. ஆப்பைச் செய்துகாட்டும்போது வரும் தவறுகளுக்கு நேராக வருகிறேன்.

"கூர்மையா இருக்கு, அதனால பிளக்குது"

இதைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். புதிய ஆசிரியர்கள் போகிற போக்கில் சொல்லிவிடுகிறார்கள். பிள்ளைகளிடம் அது பல வருடம் தங்கிவிடுகிறது. ஒரு மாணவி கத்தியால் சோப்புக்கட்டியை வெட்டிக்காட்டி இதையே சொன்னாள். அவள் அப்பாவுக்குக் கருங்கல் குவாரியில் வேலை. "அப்பா அடிக்கிற ஆப்பு கூரா இருக்குமா?" என்றேன். யோசித்துவிட்டு, "இல்ல சார், மொட்டையா இருக்கும்" என்றாள். அப்புறம் கல் எப்படிப் பிளக்கிறது?

குவாரியில் வரிசையாகத் துளை போடுவார்கள். ஒவ்வொன்றிலும் இரண்டு இரும்புத் தகடுகளைச் செருகி, நடுவில் ஆப்பை வைத்து, வரிசை நெடுகத் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டே போவார்கள். ஆப்பின் முனை துளையின் அடியைத் தொடவே கூடாது. மேலிருந்து விழும் அடியை அதன் சரிந்த பக்கங்கள் பக்கவாட்டுத் தள்ளலாக மாற்றுகின்றன. கருங்கல் எவ்வளவு அழுத்தினாலும் தாங்கும். இருபுறமும் இழுத்தால் அந்த அளவுக்குத் தாங்காது. துளைகளை இணைக்கும் கோட்டில் விரிசல் ஓடிவிடும்.

விறகும் அப்படித்தான். மாங்கட்டை வாய் பிளந்ததும் குனிந்து பாருங்கள். விரிசல் முன்னால் ஓடியிருக்கும், கோடரியின் விளிம்பு மரத்தைத் தொடாமல் நிற்கும். கூர்மை முதலில் உள்ளே நுழைய உதவுகிறது, அவ்வளவுதான்.

ஆகவே நுனி மழுங்கிய மர ஆப்பை எடுங்கள். இரண்டு செங்கற்களுக்கு நடுவில் தட்டுங்கள். செங்கல் நகர்வதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

மெல்லிய ஆப்பே சிறந்தது என்று முடிப்பது

20 செ.மீ. நீள ஆப்பின் தடித்த முனையின் தடிமன் 4 செ.மீ. என்றால் இயந்திர லாபம், அதாவது நாம் கொடுக்கும் விசையை ஆப்பு எத்தனை மடங்காக்குகிறது என்பது, 5. தடிமன் 2 செ.மீ. ஆனால் 10. சரி, ஆனால் செங்கல் 2 செ.மீ.க்கு மேல் விலகாதே! அளவுகோலை வைத்து அதையும் காட்டாவிட்டால் பாதிப் பாடம் போச்சு.

உராய்வை மறப்பது

அந்த 5, 10 எல்லாம் உராய்வைக் கணக்கில் எடுக்காத எண்கள். உண்மையில் கிடைப்பது வெகு குறைவு. ஆனால் உராய்வு இல்லாவிட்டால் அடித்த ஆப்பு வெளியே துள்ளிவிடும், கதவுக்கு அடியில் செருகியதும் நிற்காது. ஒரு ஆப்பில் எண்ணெய் தடவி, இன்னொன்றைத் தடவாமல், இரண்டையும் அடித்துக் காட்டுங்கள்.

கணு உள்ள கட்டை

எடுக்கவே எடுக்காதீர்கள்.

ஆணியை உதாரணம் சொல்வது

சொல்லலாம். முனைதான் ஆப்பு, தண்டு அல்ல.